இராயக்கோட்டைக்கு வந்த புகைப்படக்காரர்

தோழியரே, வலக்கையின் கட்டைவிரலை மூக்குக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் அசையாதிருந்தும், எதிரேயுள்ள சன்னற்கம்பியின் முன்னால் அது இடமும் வலமுமாகத் துள்ளுவதைக் காண்பீர்கள். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டரை அங்குலத் தொலைவு இருக்கிறது. ஆகவே இரண்டும் ஒரே காட்சியைக் காண்பதில்லை. சற்றே வேறுபட்ட இரு காட்சிகளை அவை மூளைக்கு அனுப்ப, மூளை அவற்றை ஒன்றாக்கி, இது அருகில், அது தொலைவில் என்று நமக்கு உணர்த்துகிறது. தினந்தோறும் செய்யும் இந்த வேலையை நாம் ஒரு நாளாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

இதை நினைத்துப் பார்த்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் என்ற அறிவியலாளர். ஒரே பொருளை வலக்கண்ணுக்குத் தெரிவது போல் ஒன்றும் இடக்கண்ணுக்குத் தெரிவது போல் ஒன்றுமாக இரு படங்கள் வரைந்து, கண்ணாடிகளின் உதவியால் ஒவ்வொரு கண்ணும் தனக்குரிய படத்தை மட்டும் பார்க்கும்படி செய்தார். தாளில் கிடந்த கோடுகள் எழுந்து நின்று கன உருவமாகத் தோன்றின! இதை அவர் 1838-இல் அறிஞர்களுக்கு எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே, அதாவது 1839-இல், பாரிஸ் நகரில் டாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இரு கண்டுபிடிப்புகளும் ஒன்றையொன்று தேடி வந்தன போலும்.

டாகேரின் முறையில் படம் காகிதத்தில் விழவில்லை, உலோகத் தகட்டில் விழுந்தது. செப்புத் தகட்டின்மேல் வெள்ளி பூசி, முகம் தெரியும் அளவுக்கு அதைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அயோடின் ஆவியில் காட்டினால் அந்த வெள்ளி ஒளியை உணரும் தன்மை பெறும். பிறகு கேமராவுக்குள் வைத்து ஒளி படச்செய்து, சூடேற்றிய பாதரசத்தின் ஆவியில் பிடித்தால் உருவம் மெல்ல வெளிப்படும். கடைசியாக உப்புக் கரைசலில் கழுவி உருவத்தை நிலைநிறுத்துவார்கள். பாதரச ஆவி நச்சு என்பதை நம் வேதியியல் ஆசிரியை சொல்லியிருக்கிறார். அக்காலத்துப் படக்காரர்கள் அந்த ஆவியை நாள்தோறும் சுவாசித்தபடியே வேலை செய்தார்கள் என்று எண்ணும்போது நமக்கு நடுக்கமாயிருக்கிறது.

அந்தத் தகட்டுப் படத்தின் நுணுக்கம் வியப்புக்குரியது. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாலும் சட்டையின் நெசவு தெரியும் என்பார்கள். ஒரு கோணத்தில் சாய்த்தால் உருவம் தெரியும். மறு கோணத்தில் சாய்த்தால் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் மாறிவிடும். நேராகப் பிடித்தால் பார்ப்பவரின் முகமே தெரியும்! விரல் பட்டால் உருவம் அழிந்துவிடும் என்பதால் மேலே கண்ணாடி மூடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

இத்தகைய தகடுகளையே இரண்டிரண்டாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்டீரியோஸ்கோப் என்னும் இருகண் பெட்டியில் இட்டுப் பார்க்கும் கலை விரைவிலேயே தோன்றியது. லென்சுகள் பொருத்திய கையடக்கப் பெட்டியை 1849-இல் டேவிட் புரூஸ்டர் அமைத்தார். 1851-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா அரசியார் அதில் கண் வைத்துப் பார்த்து மகிழ்ந்தபின், மேல்நாட்டில் வசதியுள்ள வீடுகளிலெல்லாம் அந்தப் பெட்டி புகுந்துவிட்டது. லண்டனில் அன்டுவான் குளோதே என்பவர் தகட்டில் இரட்டைப் படம் எடுப்பதில் பெரும்புகழ் பெற்றார்.

ஆனால் உலோகத் தகட்டுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு தகடு, ஒரு படம், அவ்வளவே. அதிலிருந்து மறுபடி எடுக்க வழியில்லை. ஒரு தாய் தன் குழந்தையின் படத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ள அது போதும். ஒரு நாட்டின் கோயில்களையும் கோட்டைகளையும் பலருக்குக் காட்ட வேண்டுமானால் போதாது. இந்தக் குறையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் இனி நாம் சொல்லப்போகும் மனிதரின் பெருமை விளங்கும். உலோகத்தை விட்டுக் காகிதத்தைப் பற்றிக்கொண்டு, நம் மாவட்டத்தின் பழைய எல்லைக்குள்ளேயே கேமராவோடு வந்து நின்றவர் அவர். பெயர் லின்னேயஸ் டிரைப்.

டிரைப் 1822-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாமவர். செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும் முறைப்படி பெயர் சூட்டிய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸின் பெயரே இவருக்கும் அமைந்திருந்தது. ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்திக் குறித்து வைக்கும் குணம் இவரிடம் பின்னாளில் நன்றாகவே தெரிந்தது.

1838-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு, நம்மில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் வயது. தென்னிந்தியாவில் படைப்பணி புரிந்துவிட்டு 1850-இல் விடுப்பில் ஊர் திரும்பினார். உடல்நலக் குறைவால் விடுப்பு நான்காண்டுகள் நீண்டது. அந்த நோய்க்கு நாம் ஒருவகையில் நன்றி சொல்ல வேண்டும். அந்த ஓய்வில்தான் அவர் புகைப்படக் கலையைக் கற்றார். 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தொடங்கியபோது முதன்முதலில் சேர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

1854 சூனில் கேப்டன் பதவியோடு பெங்களூர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு திசம்பரிலேயே அளேபீடு, பேலூர்க் கோயில்களுக்குச் சென்று படமெடுத்தார். அடுத்த பிப்ரவரியில் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் 68 படங்களை வைத்தார். காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இவையே சிறந்தவை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தனர். காகிதத்தில் என்ற சொல்லைக் கவனியுங்கள்.

அவர் கையாண்ட முறை இதுதான். மெல்லிய காகிதத்தில் மெழுகைத் தோய்த்து, அயோடைடு கரைசலிலும் பிறகு வெள்ளி நைட்ரேட்டிலும் நனைத்து உலர்த்துவார்கள். கேமராவில் வைத்து எடுத்தபின் காலிக் அமிலத்தில் இட்டால் நெகடிவ் கிடைக்கும். அந்த நெகடிவை வேறொரு காகிதத்தின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் படம். எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டலாம், எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம். கண்ணாடித் தகட்டில் ஈரப் பசையோடு எடுக்கும் வேறொரு முறையும் அப்போது வந்திருந்தது. ஆனால் நம் வெயிலில் அந்த ஈரம் நொடியில் காய்ந்துவிடும். மெழுகுக் காகிதமோ முன்கூட்டியே தயாரித்துக் கட்டிக்கொண்டு போக ஏற்றது. தகட்டின் கூர்மை காகிதத்துக்கு வராது என்பது உண்மைதான். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெற முடிந்தது.

1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி, பர்மிய மன்னர் மின்டோனின் தலைநகரான அமரபுரத்துக்கு ஆர்தர் பேர் என்பவரின் தலைமையில் ஒரு தூதுக் குழுவை அனுப்பினார். குழுவின் புகைப்படக்காரராக டிரைப் சென்றார். மழையும் மேகமும் மூடிய மாதங்கள். அவருக்கு உடல்நலமும் சரியில்லை. ஆயினும் இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவுகளோடு திரும்பினார். அவற்றிலிருந்து 120 காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஐம்பது தொகுதிகள் அச்சிட்டார். பெருக்கிப் பாருங்கள்: ஆறாயிரம் படங்கள்! ஒவ்வொன்றும் வெயிலில் காட்டி, கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்டப்பட வேண்டியது. அக்காலத்து நெகடிவில் வானம் சரியாக விழாது, வெறும் திட்டாகவே வரும். டிரைப் நெகடிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இது ஏமாற்றா, கலையா என்று எங்களுக்குள் ஒரு வாதமே நடந்தது. கலை என்ற கட்சியே வென்றது, ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

பர்மாப் படங்களின் பயனாக, 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக டிரைப் நியமிக்கப்பட்டார். மாகாணத்தின் பழைய கட்டடங்களையும் சிற்பங்களையும் அவை சிதைந்து போகுமுன் படமெடுத்து வைப்பது அவர் பணி. 1857 திசம்பரில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வட இந்தியாவில் கம்பெனி ஆட்சிக்கு எதிரான பெரும் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. டிரைப் கம்பெனியின் படையதிகாரி என்பதை நாம் மறக்கலாகாது. தான் ஆளும் நாட்டில் என்னென்ன உள்ளன என்று ஆட்சியாளர் கணக்கெடுத்ததில் இந்தப் படங்களும் ஒரு பகுதியே. அதற்காக அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பதும் நேர்மையாகாது.

பெங்களூரிலிருந்து தெற்கே இறங்கும் வழியில் அவர் படமெடுத்த இடங்களுள் ஒன்று இராயக்கோட்டை! அன்று அது சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது அதோடு வந்தது. 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் 1791-இல் கம்பெனிப் படை பிடித்த மலைக்கோட்டை அது. டிரைப் வந்தபோது அந்தப் போர் முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் என்ற பெயரிலேயே ஒரு படத்தொகுதியை அவர் 1858-இல் வெளியிட்டார். மதுரையும் தஞ்சையும் படமானதில் வியப்பில்லை. கல்லும் முள்ளுமான நம் பக்கத்து மலையை ஒரு மனிதர் நின்று பார்த்து, அதற்கென்று ஒரு தொகுதியே ஒதுக்கினார் என்பதுதான் எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. நம் பொம்மிடி வழியாக இரயில் ஓடத் தொடங்கியதே அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1860-களில்தான்.

அங்கிருந்து திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனப் பயணம் தொடர்ந்தது. திருமயம் கோட்டை, மதுரையில் திருமலை நாயக்கர் மகால், புதுமண்டபம், தெப்பக்குளம், வைகை ஆற்றுப் பாலம், மீனாட்சியம்மன் கோயில் நகைகள் எல்லாம் படமாயின. தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு வேலையைத் தனியே சொல்ல வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு ஒரே படத்தில் அடங்குவதா? கேமராவை நகர்த்தி நகர்த்தி 21 படங்கள் எடுத்து, விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். அந்தத் தமிழ் எழுத்துகளை அவரால் படிக்க முடியாவிட்டாலும், படிக்கக் கூடியவர்களுக்கு எழுத்து சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

இந்தப் பயணத்தில் பெரிய கேமராவோடு, கண்ணுக்கொரு படமாக இரட்டைப் படங்களும் எடுத்தார். மதுரைக்கு ஓர் இரட்டைப்படத் தொகுதி, திருச்சிக்கும் தஞ்சைக்கும் அவற்றின் சுற்றுப்புறங்களுக்கும் ஒரு தொகுதி என 1858-இல் அவை வெளிவந்தன. பாரிஸிலும் லண்டனிலும் வெள்ளித் தகட்டில் சீமான்களின் முகத்தைக் காட்டிய அதே வித்தை, நம் ஊர்த் தூண்களையும் கோபுரங்களையும் காட்ட வந்துவிட்டது. வரிசை வரிசையாகத் தூண்கள் நிற்கும் மண்டபத்துக்கு இரட்டைப் படத்தைவிடப் பொருத்தமான கருவி ஏது? ஒற்றைப் படத்தில் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. இரட்டைப் படத்திலோ தூணுக்கும் தூணுக்கும் நடுவே நாம் நடந்து போகலாம்.

சென்ற ஆண்டு நாங்கள் சிலர் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். அண்ணன் ஒருவரின் கைபேசியை வாங்கி, பள்ளி வராந்தாவின் தூண்களை ஒரு முறை எடுத்தோம். கைபேசியை இரண்டரை அங்குலம் வலப்பக்கம் நகர்த்தி மறுமுறை எடுத்தோம். இரண்டையும் அச்சிட்டு, அட்டையில் அருகருகே ஒட்டி, நடுவில் ஒரு தாளைத் தடுப்பாக நிறுத்தி மூக்கை அதில் பொருத்தி உற்றுப் பார்த்தோம். முதலில் கண் வலித்தது. பிறகு திடீரென்று தூண்கள் விலகி நின்றன! எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அதே உற்சாகத்தில் சேர்வராயன் மலையையும் அவ்வாறே எடுத்தோம். மலை சுவரொட்டி போலத் தட்டையாகவே நின்றது. தொலைவிலுள்ள மலைக்கு இரண்டரை அங்குலம் எம்மாத்திரம்? கேமராவைப் பல அடி நகர்த்த வேண்டும் என்று பிறகே தெரிந்துகொண்டோம். தொடக்க காலத்தில் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு இரட்டைப் படம் எடுத்தவர்கள் இப்படித்தான் தொலைவுக்குத் தக்கபடி நகர்த்திக்கொண்டார்கள். முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே காகம் பறந்தாலும் கொடி அசைந்தாலும் படம் கெட்டது. எங்கள் முதல் முயற்சியைக் கெடுத்தது வராந்தாவில் ஓடிய ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி.

டிரைப்பின் பெரிய படங்களில் ஆட்கள் அரிதாகவே தென்படுவதற்கும் இதுவே காரணம். மெழுகுக் காகிதம் ஒளியை உள்வாங்க நிமிடக் கணக்கில் நேரம் பிடித்தது. அதற்குள் நடந்து போனவர்கள் படத்தில் பதியவில்லை. திருவிழாக் கூட்டம் அலைமோதும் வீதிகளெல்லாம் அவர் படங்களில் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

1858 ஏப்ரல் இறுதிக்குள் சென்னை சேர்ந்தவர், அரசு அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வால்டர் எலியட் என்ற அதிகாரி கிருஷ்ணா ஆற்றங்கரையில் தோண்டி எடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் அவை. மறு ஆண்டே அவை கப்பலேறி இங்கிலாந்து போயின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் நாட்டு மண்ணில் அவை இருந்த கடைசிக் காலத்தின் சாட்சி டிரைப்பின் படங்களே. சென்னையில் அச்சுப் பணிக்கு உள்ளூர் ஆட்களுக்கும் பயிற்சி தந்து உதவியாகக் கொண்டார். அவர்களுள் ஐயாசாமி என்பவரின் பெயர் டிரைப்பின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியைச் சேர்ந்தவர் அவர். இப்போது எழும்பூரில் கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அந்தப் பள்ளியே.

வேலை சூடுபிடித்த நேரத்தில் தடை வந்தது. 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்து அரசியாரின் ஆட்சி ஏற்பட்டிருந்தது. கிளர்ச்சியை அடக்கிய செலவால் கருவூலம் வற்றியிருந்தது. 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கணக்குகளைப் புரட்டினார். அரசுப் பணத்தில் புகைப்படக்காரரா, இது மிகப் பெரிய ஆடம்பரம் என்று கருதி வேலையை நிறுத்த ஆணையிட்டார். டிரைப் எடுத்த படங்களை முழுவதும் அச்சிட்டு முடிக்கவும் தடுமாற வேண்டியதாயிற்று. 1860-இல் எல்லாம் மூடப்பட்டது.

டிரெவெல்யன் கெட்டவரல்லர். சென்னை மக்களுக்காகப் பெரிய பூங்கா ஒன்றை அமைக்க வழிசெய்தவர் அவரே. மேலிடத்தின் வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக 1860-இல் அவரும் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார் என்பது வேடிக்கை. பூங்காவுக்குப் பணம் செலவிடலாம், படத்துக்குக் கூடாது என்று அவர் எப்படிப் பிரித்தார் என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. பஞ்ச காலத்தில் அரிசிதான் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கோபுரத்தின் சுதை உதிர்ந்தபின், பணம் வந்த ஆண்டில் போய்ப் பழைய கோபுரத்தைப் படமெடுக்க முடியுமா?

டிரைப் விடுப்பில் இங்கிலாந்து போனார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து படைப்பணியைத் தொடர்ந்தார். பின்னர் பர்மாவில் இருந்தபோது மிகச் சில படங்கள் எடுத்தார், அவ்வளவே. 1854 முதல் 1860 வரையிலான ஆறு ஆண்டுகளுக்குள் அவருடைய புகைப்பட வாழ்வு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1870-களில் ஓய்வு பெற்று, பிறந்த ஊரான டெவன்போர்ட்டுக்கே திரும்பினார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1902 மார்ச் 2-ஆம் நாள் தமது எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். அதற்குள் புகைப்படக் கலை விளையாட்டுப் பொருளாகிச் சிறுவர் கைக்கும் வந்திருந்தது.

அவர் காகிதத்தை நம்பியது வீண்போகவில்லை. ஒரு தொகுதி அழிந்தாலும் வேறொன்று எங்கோ தப்பியது. லண்டனில் உள்ள நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் பல படங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2014-இல் வாஷிங்டனிலும், 2015-இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவருடைய இந்திய, பர்மியப் படங்களுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தது. 

தருமபுரியிலிருந்து ஓசூருக்கு இரயிலில் செல்வோர் இராயக்கோட்டை நிலையத்தைக் கடந்தே செல்ல வேண்டும். எங்களில் இருவர் சென்ற கோடை விடுமுறையில் அவ்வழியே போனார்கள். வண்டி அங்கே நின்ற சில நிமிடங்களில் ஒருத்தி சன்னலுக்கு வெளியே கைபேசியை நீட்டி மலையை ஒரு முறை எடுத்தாள். வண்டி நகரத் தொடங்கியதும் மறுமுறை எடுத்தாள். பல அடி நகர்ந்திருந்ததால், இந்த முறை மலை தட்டையாக நிற்கவில்லை.